இணுவில் ஈன்ற தவமணிதேவி

தமிழ்த் திரைப்படம் பேசக் கற்றுக்கொண்ட காலத்தில் அதனோடு உடன்வளர்ந்த நடிகையர் பலர். நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர் சிலர். இசை மேடையிலிருந்து வந்தவர் சிலர். வறுமை தள்ள வேறு வழியின்றி வந்தவரும் உளர். இவ்வழிகளுள் எதனையும் சாராது, யாழ்ப்பாணத்துக் கற்ற குடும்பம் ஒன்றிலே தோன்றி, கடல் கடந்து சென்று, தமிழகம் முழுவதும் பேசும் பெயரைப் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரே இணுவில் ஈன்ற கே. தவமணிதேவி.

இன்று அவரை நினைவுகூர்வோர் பெரும்பாலும் அவர் அணிந்த உடைகளையே நினைவுகூர்கின்றனர். துணிச்சலாக உடுத்தவர், கவர்ச்சி நடிகை என்ற சொற்களோடு அவர் வரலாறு முடிந்துவிடுகிறது. அவர் பாடினார் என்பதும், ஆடினார் என்பதும், 10 ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று ஒவ்வாத பாத்திரங்களை ஏற்றார் என்பதும், தம் தோற்றத்தைத் தாமே அமைத்துக்கொண்டார் என்பதும் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. ஒரு கலைஞரின் வாழ்வை ஓர் ஆடையின் அளவுக்குச் சுருக்கிவிடுவது நேர்மையாகுமா என்பதை அவர் பிறந்த மண்ணினராகிய நாமாவது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறந்த மண்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் வீதியிலே, கொக்குவிலைக் கடந்து ஏறத்தாழ 4 மைல் தொலைவில் அமைந்துள்ளது இணுவில். செம்மண் தோட்டங்களும் புகையிலைச் செய்கையும் அவ்வூரின் செல்வம். கோயில்களும் கலைகளும் அதன் பெருமை. ஒல்லாந்தர் காலத்துச் சின்னத்தம்பிப் புலவர் அங்கே வாழ்ந்து பஞ்சவன்னத் தூது, நொண்டி நாடகம் முதலியவற்றைப் பாடினார். நாதசுரமும் தவிலும் அவ்வூரிலே தலைமுறை தலைமுறையாக முழங்கி வந்தன. பிற்காலத்தில் தமிழகத்து வித்துவான்களும் வியந்து போற்றிய தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் (1933-1975) இவ்வூரோடு தொடர்புடையவரே.

இசையும் கூத்தும் செழித்த அவ்வூர், பெண்கல்விக்கும் அண்டையிலேயே இருந்தது. இணுவிலை அடுத்த உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை நிறுவினர். ஆசியாவிலேயே இவ்வகையில் மிகத் தொன்மையான பாடசாலைகளுள் ஒன்று அது. இணுவிலிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியட் மருத்துவமனை 1898ஆம் ஆண்டில் எழுந்தது. பெண்கள் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் மருத்துவராகவும் வெளியே வந்து பணிபுரிவதை அச்சுற்றாடல், தமிழுலகின் பல பகுதிகளுக்கு முன்பே கண்டுவிட்டது. 1931ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்களுக்கு ஆடவரோடு ஒப்ப வாக்குரிமையும் கிடைத்தது.

இத்தகைய சூழலில், சட்டத்துறையோடு தொடர்புடைய வசதி படைத்த குடும்பத்திலே தவமணிதேவி பிறந்தார். ஆங்கிலக் கல்வியும் சமூக மதிப்பும் அக்குடும்பத்துக்கு இருந்தன. அவ்வாறான வீட்டுப் பெண்ணொருத்தி படித்துப் பட்டம் பெற்றிருந்தால் ஊர் பெருமைப்பட்டிருக்கும். ஆசிரியையாகியிருந்தால் வாழ்த்தியிருக்கும். நடிகையாவது என்பது வேறு சங்கதி.

மேடையும் பெண்ணும்

அது எத்துணைப் பெரிய மீறல் என்பதை உணர, அக்கால யாழ்ப்பாணத்து அரங்கை நோக்குதல் வேண்டும். கூத்திலும் இசை நாடகத்திலும் யாழ்ப்பாணத்தார்க்கு இருந்த வேட்கை சிறிதன்று. தமிழகத்து நாடகக் கம்பெனிகள் கடல் கடந்து வந்து நம் ஊர்களிலே இரவிரவாக நாடகம் நடத்தின. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் 1911ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து ஆடிய நாடகங்கள், கற்றோரும் மேடையேறலாம் என்ற எண்ணத்தை இங்கே விதைத்தன. அதன் பயனாகக் கலையரசு சொர்ணலிங்கம் முதலியோர் சபாக்கள் அமைத்து நாடகத்தைப் பேணினர்.

ஆயினும் அந்த மேடைகளில் கற்ற குடும்பத்துப் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. சந்திரமதியாயினும் சாவித்திரியாயினும் புடைவை கட்டி நின்றவர் ஆடவரே. கலையரசு சொர்ணலிங்கமே பெண் வேடம் பூண்டு பெயர் பெற்றவர். தமிழகத்திலிருந்து வந்த நடிகையரின் பாட்டைக் கேட்க மக்கள் திரண்டனர். தம் வீட்டுப் பெண் அவ்வாறு நின்று பாடுவதை அவர்களால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. கே. பி. சுந்தராம்பாள் இலங்கை மேடைகளிலே பெற்ற வரவேற்பையும், கொழும்பிலே கிட்டப்பாவும் அவரும் சந்தித்த வரலாற்றையும் நம் முதியோர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. அந்த மகிழ்ச்சிக்கும் தம் குலப்பெருமைக்கும் இடையே அவர்கள் ஓர் உயர்ந்த மதிலைக் கட்டி வைத்திருந்தனர். தவமணிதேவி தாண்டியது அந்த மதிலை.

கடல் கடந்த பயணம்

யாழ்ப்பாணத்தாருக்குச் சென்னை அந்நிய ஊராக இருந்ததில்லை. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே சென்று தமிழ் நூல்களை அச்சேற்றிப் புகழ் பெற்றனர். 1914ஆம் ஆண்டிலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிற்று. இக்கரையிலே புகைவண்டி ஏறி, கப்பல் மாறி, அக்கரையிலே மீண்டும் புகைவண்டி ஏறினால் சென்னை எழும்பூரை அடைந்துவிடலாம். கல்விக்கும் வாணிகத்துக்கும் யாத்திரைக்குமாகப் பலர் அவ்வழியே போய் வந்தனர்.

கலைக்காகவும் சென்னையை நாட வேண்டிய காலம் அது. தவமணிதேவி அங்கே பரத நாட்டியமும் இசையும் பயின்றார். நாட்டியத்தின் நிலையே அப்போது மாறிக்கொண்டிருந்தது. தேவதாசியர் மரபாக இருந்த சதிர், பரத நாட்டியம் என்னும் பெயரோடு படித்த குடும்பங்களுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1935ஆம் ஆண்டில் அடையாற்றிலே முதன்முதல் ஆடிக் காட்டினார். அடுத்த ஆண்டிலே கலாக்ஷேத்திரம் தோன்றியது. நாட்டியம் மதிப்பைத் தேடிக்கொண்டிருந்த அதே வேளையில் திரைப்படமோ மதிப்பை எட்டாத தொழிலாகவே இருந்தது. முதலாவது தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31ஆம் நாள் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதில் நாயகியாகத் தோன்றிய டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலே வளர்ந்தவர். பின்வந்த நடிகையருட் பலரும் அவ்வாறே நாடகத்திலோ இசையிலோ ஊறியவர்கள். குலத்தாலும் தொழிலாலும் மேடையோடு தொடர்பில்லாத ஒரு பெண், தன் விருப்பத்தினாலேயே திரைக்கு வருவது அரிதிலும் அரிது.

அகலிகையாக அறிமுகம்

சேலத்திலே டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் தென்னாட்டுத் திரைப்படத் தொழிலில் ஒரு புது யுகத்தைத் தொடக்கியது. ஒழுங்கும் கண்டிப்பும் நிறைந்த தொழிற்சாலை போல அந்நிறுவனம் இயங்கிற்று. அதன் முதற்படம் 1937ஆம் ஆண்டில் வந்த சதி அகல்யா. கௌதம முனிவரின் பத்தினியாகிய அகலிகை, இந்திரனால் வஞ்சிக்கப்பட்டுக் கல்லாகி, இராமன் திருவடி பட்டு உயிர்பெறும் கதை அது. அந்த அகலிகையாக நடிக்க வந்தவர் தவமணிதேவி.

படத்துக்கு முன்பே அவருடைய பெயர் பரவிவிட்டது. நீச்சலுடை அணிந்து அவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் பத்திரிகையாளர் கைக்குச் சென்றன என்றும், அவை பெரும் பரபரப்பை மூட்டின என்றும் திரைப்பட வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். புராணப் பத்தினியாக நடிக்கவிருந்த பெண் நீச்சலுடையிலே காட்சியளித்தது அக்காலத்தார் காணாத புதுமை. கண்டித்தவர் பலர். கண்டித்துக்கொண்டே படத்தைக் காணச் சென்றவரும் பலராகவே இருந்திருப்பர்.

அகலிகையின் கதையிலே ஒரு நுட்பம் உண்டு. குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனையின் பெரும்பகுதியைச் சுமந்தவள் ஒருத்தி. பார்த்தவர் கண்ணிலே குற்றம் இருந்தால் பார்க்கப்பட்டவளே பழி சுமக்கும் வழக்கம் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. தவமணிதேவியின் திரை வாழ்வு அகலிகையிலே தொடங்கியது தற்செயலே. எனினும் பின்னாளில் அவருக்கு நேர்ந்ததை எண்ணும்போது அத்தற்செயல் நெஞ்சை உறுத்துகின்றது.

கானகத்துப் பெண்

அந்நாளில் ஹாலிவுட்டிலிருந்து வந்த டார்ஸான் படங்கள் உலகெங்கும் கூட்டம் சேர்த்தன. ஜானி வைஸ்முல்லர் நடித்த முதற்படம் 1932ஆம் ஆண்டில் வெளிவந்தது. பம்பாயில் வாடியா நிறுவனத்தார் 1937ஆம் ஆண்டில் தூஃபானி டார்ஸான் என்ற இந்திப் படத்தை எடுத்தனர். தமிழில் அவ்வகைப் படம் 1938ஆம் ஆண்டில் வனராஜ கார்ஸன் என்ற பெயரோடு வந்தது. அதில் நடித்தவர் தவமணிதேவி. புராணத்தையும் பக்தர் சரிதையையுமே பெரிதும் நம்பியிருந்த தமிழ்ப் படவுலகில், காட்டையும் விலங்குகளையும் நம்பி எடுத்த அப்படம் ஒரு துணிகர முயற்சியே.

அம்முயற்சியின் முழு வெற்றியை 1941ஆம் ஆண்டில் வந்த வனமோகினியிலே காணலாம். அதனை இயக்கியவர் பின்னாளில் இந்திப் படவுலகிலே பெரும்புகழ் எய்திய பகவான். இசையமைத்தவர் சி. ராம்சந்திரா, அவரும் இந்தித் திரையிசையின் பெரும் புள்ளியாக உயர்ந்தவர். நாயகர் எம். கே. ராதா, பின்னர்ச் சந்திரலேகா (1948), அபூர்வ சகோதரர்கள் (1949) ஆகிய படங்களால் தமிழரின் மனத்தில் இடம்பிடித்தவர். இவர்களுக்கு நடுவே படத்தின் பெயருக்கே உரியவராக நின்றவர் தவமணிதேவி. சந்துரு என்னும் யானைக்கும் படத்தில் ஒரு முக்கிய பாத்திரம் இருந்தது. விளம்பரங்களிலே நடிகரோடு ஒருங்கே அதன் பெயரும் இடம்பெற்றது.

டோரதி லாமூர் என்னும் அமெரிக்க நடிகை 1936ஆம் ஆண்டில் கானக இளவரசியாக நடித்த படத்தில் சாரம் போன்ற ஓர் உடையை மார்போடு சேர்த்து உடுத்தி உலகப் புகழ் பெற்றிருந்தார். வனமோகினியிலே தவமணிதேவி அணிந்த உடை அதனை நினைவூட்டியது. தமிழகத்து டோரதி லாமூர் என்று அவரை அழைக்கலாயினர். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இடுப்பிலே சாரமும் மார்பை மறைக்கும் ஒற்றைத் துணியும் தென்கடல் தீவுகளுக்கு அயலானவை அல்ல. குளத்திலும் கிணற்றடியிலும் குறுக்குக்கட்டோடு நீராடும் பெண்களை இலங்கையின் எந்தச் சிற்றூரிலும் அன்று காணலாம். கிணற்றடியில் இயல்பாக இருந்தது வெண்திரையில் அதிர்ச்சியாயிற்று. உடை மாறவில்லை, அதனைப் பார்க்கும் இடமும் பார்ப்போர் தொகையுமே மாறின.

மேனகையும் மோகனாம்பாளும்

காட்டுப் பெண் வேடம் மட்டும் அவருக்கு வாய்த்திருந்தால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. 1940ஆம் ஆண்டில் சகுந்தலை வெளிவந்தது. அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும் ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் தோன்றிய படம் அது. கருநாடக இசையின் இரு பெரும் குரல்கள் ஒருங்கே ஒலித்த அப்படத்தில், சகுந்தலையின் தாயாகிய மேனகை வேடம் தவமணிதேவிக்குக் கிடைத்தது. விசுவாமித்திரரின் தவத்தைக் கலைக்கும் தேவருலக நர்த்தகியாக நாட்டியப் பயிற்சி உள்ளவர் ஒருவரே வேண்டியிருந்தார். சங்கீத உலகின் உச்சியில் இருந்தோரின் படத்தில் அவர் இடம்பெற்றது, அவருடைய ஆடற்கலையும் மதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

அக்கால நடிகையர் தம் பாடல்களைத் தாமே பாடுதல் வேண்டும். ஏவி. மெய்யப்பன் 1938ஆம் ஆண்டில் நந்தகுமார் படத்திலே பின்னணிக் குரலைப் பயன்படுத்திக் காட்டினாரெனினும், அம்முறை வேரூன்றப் பல ஆண்டுகள் சென்றன. எனவே 1937 முதல் 1947 வரை திரையிலே நின்ற ஒரு நடிகைக்கு முகமும் அசைவும் மட்டும் போதா, குரலும் வேண்டும். தவமணிதேவிக்கு அது வாய்த்திருந்தது. குயில் என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது அந்தக் குரலினாலேதான். உடையைப் பற்றிப் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1946ஆம் ஆண்டில் ஜூபிடர் நிறுவனத்தாரின் வித்யாபதி வெளிவந்தது. அதில் மோகனாம்பாள் என்னும் தேவதாசியாக அவர் தோன்றினார். எம். என். நம்பியார், பின்னாளில் நாம் அறிந்த கொடியவராக அல்லாமல், நகைச்சுவை வேடத்தில் நடித்தார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் பல்லாண்டுகள் நடத்திய கிளர்ச்சியின் முடிவு அது. அச்சட்டத்தின் வாசலிலே வந்த வித்யாபதியில், அம்மரபைச் சார்ந்த பெண்ணாக நடிப்பதற்கு அம்மரபில் பிறவாத யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி முன்வந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. தம் பெயரை அவ்வேடத்திலிருந்து விலக்கிக்கொள்ள விரும்பிய நடிகையர் இருந்த காலத்திலே, அவர் தயங்காது ஏற்றார்.

ராஜகுமாரி

அடுத்த ஆண்டிலே வந்தது ராஜகுமாரி. கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த அப்படம் மூன்று காரணங்களால் வரலாற்றில் நிலைத்தது. சிறு வேடங்களில் 10 ஆண்டுகளுக்கு மேல் உழன்ற எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதல் நாயகரானது அதில்தான். ஏ. எஸ். ஏ. சாமி இயக்குநராக அறிமுகமானதும் அதில்தான். உரையாடல் எழுதுவதில் பங்குகொண்ட மு. கருணாநிதி என்னும் இளைஞரின் திரையுலகத் தொடக்கமும் அதுவே. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராகவிருந்த இருவர் தத்தம் பாதையின் முதற்படியிலே நின்றபோது, அப்படத்தில் அவர்களைவிடப் பெயர் பெற்றிருந்த நடிகை தவமணிதேவி.

நாயகி வேடம் கே. மாலதிக்கு உரியது. நாயகனை மயக்கித் தன்வயப்படுத்த முயலும் அரசியாகத் தவமணிதேவி தோன்றினார். அவ்வேடத்துக்கு வேண்டிய உடையை அவரே திட்டமிட்டு அமைத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தார் என்றும், அதன் அமைப்பைக் கண்டு படப்பிடிப்புக் குழுவினரே திகைத்தனர் என்றும் அப்படத்தைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. இக்கதையைச் சொல்வோர் சிரிப்புக்காகவே சொல்கின்றனர். ஆனால் இதில் வேறொரு செய்தி புதைந்து கிடக்கின்றது. முதலாளியோ இயக்குநரோ வற்புறுத்தி உடுத்திய உடையன்று அது. தம் பாத்திரம் எவ்வாறு தோன்றுதல் வேண்டும் என்பதை ஒரு நடிகை தாமே எண்ணி, வரைந்து, தைப்பித்து வந்திருக்கின்றார். தைப்பித்தவர் ஆண் கலைஞராயின் அதனைக் கலை நிருமாணம் என்று போற்றியிருப்போம்.

பெயரிலே ஒரு விந்தை

தமிழகத்தார் அவரைச் சிங்களத்துக் குயில் என்று அழைத்தனர். இலங்கைத் தீவு முழுவதையும் சிங்களம் என்றே வழங்குவது அங்கே நெடுநாளைய வழக்கம். நல்லெண்ணத்தோடு சூட்டிய பெயர்தான் அது. எனினும் சிங்களம் தாய்மொழியாக இல்லாத, தமிழிலேயே பாடிய, யாழ்ப்பாணத்துச் சைவத் தமிழ் ஊரிலே பிறந்த ஒருவருக்கு அப்பெயர் வாய்த்தது விந்தையே. இணுவில் என்ற பெயர் விளம்பரத்துக்கு உதவாது. தொலைதூரத் தீவின் மயக்கம் உதவும். ஆகவே ஊர் மறைந்தது, தீவு நின்றது.

இவ்விந்தைக்கு இணையான இன்னொன்றும் அதே காலத்தில் நிகழ்ந்தது. சிங்கள மொழியின் முதற் பேசும்படமாகிய கடவுனு பொரொந்துவ 1947ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வெளிவந்தது. அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் எடுக்கப்பட்ட இடம் மதுரை. அதன் நாயகி ருக்மணி தேவி. மினர்வா நாடகக் குழுவின் மேடையிலிருந்து திரைக்கு வந்து, சிங்கள மக்களின் இசைக்குயிலாகப் போற்றப்பட்டு, 1978ஆம் ஆண்டிலே விபத்தொன்றில் மறைந்த அந்நடிகை, டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற இயற்பெயரோடு கிறித்தவக் குடும்பத்திலே பிறந்தவர். ராசம்மா சிங்களத் திரையின் குயிலானார். இணுவிலிலே பிறந்தவர் தமிழ்த் திரையில் சிங்களத்துக் குயிலானார். மொழிக்கும் இனத்துக்கும் இடையே பின்னாளில் எழுந்த வேலிகள் கலைஞர்களை அன்று தடுக்கவில்லை.

தவமணிதேவி இலங்கையிலேயே இருந்திருந்தால் நடிகையாகியிருக்க இயலாது என்பதும் இதிலிருந்து விளங்கும். இலங்கையிலே தமிழ்ப் படம் எடுக்கும் முயற்சி 1960களில்தான் தொடங்கிற்று. அவர் காலத்தில் தமிழ்த் திரை வேண்டுமாயின் கடலைக் கடந்தே ஆகவேண்டும்.

திரையை விட்டு விலகல்

1947ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்ப் படவுலகின் போக்கு விரைந்து மாறிற்று. வேலைக்காரி (1949), பராசக்தி (1952) ஆகியவை அடுக்குமொழி வசனத்தைப் படத்தின் உயிராக்கின. பின்னணிப் பாடகர் தனித் தொழிலினராயினர். பாடத் தெரிந்த நடிகை என்ற தகுதி விலை குறைந்தது. ஆடற்கலையிலே தேர்ந்த புதிய தலைமுறை வந்தது. வைஜயந்திமாலா 1949ஆம் ஆண்டில் வாழ்க்கை படத்தில் தோன்றினார். திருவாங்கூர்ச் சகோதரியர் எங்கும் பேசப்பட்டனர். காட்டுக் கதைகளும் மாயத் தீவு அரசியரும் பின்தள்ளப்பட்டனர். தவமணிதேவியின் திரை வாழ்வும் இம்மாற்றத்தினூடே அடங்கிற்று.

அவர் நடித்த வேடங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அகலிகையாகிய பத்தினியிலே தொடங்கி, கானகப் பெண், தேவலோக நர்த்தகி, தேவதாசி, மயக்கும் அரசி என்று அவை செல்கின்றன. முதல் வேடத்தில் கதையின் நடுவே நின்றவர், கடைசி வேடத்தில் கதையின் ஓரத்துக்கு, நாயகிக்கு எதிராக நிற்பவராக, நகர்த்தப்பட்டிருக்கின்றார். கவர்ச்சி என்ற முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால், படமுதலாளிகள் அதற்கேற்ற வேடங்களையே தருவர். அவ்வேடங்களைக் கண்ட மக்கள் அம்முத்திரையையே மெய்யென்பர். பாடவும் ஆடவும் வல்ல ஒருவருக்குத் தாயாகவோ, அறிவார்ந்த பெண்ணாகவோ நடிக்க வாய்ப்புகள் வந்திருந்தால் அவருடைய ஆற்றல் எவ்வளவு விரிந்திருக்கும் என்பதை அளக்க இன்று நமக்குக் கருவி இல்லை. அக்காலப் படங்களுட் பெரும்பாலானவற்றின் பிரதிகள் அழிந்துபோயின. ராஜகுமாரி போன்ற ஒன்றிரண்டைக் கொண்டே நாம் அவரைக் காண வேண்டியிருக்கின்றது.

இராமேசுவரத்திலே

ஆரவாரம் அடங்கிய பின் அவர் சென்று அமர்ந்த இடம் இராமேசுவரம். அவ்வூரிலே சாஸ்திரியார் ஒருவரை மணந்து, இறைவழிபாட்டிலே நாட்களைக் கழித்தார். ஒளிவிளக்குகளின் நடுவே நின்றவர் இராமநாதர் கோயிலின் நெடும் பிராகாரங்களின் நிழலில் வாழத் தலைப்பட்டதை முரண் என்று சிலர் கருதலாம். யாழ்ப்பாணத்தாருக்கு அது முரணாகத் தோன்றாது. இராமேசுவரம் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக யாத்திரை சென்ற திருத்தலம். யாழ்ப்பாண அரசர் தம்மைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டதும், சேது என்ற சொல்லைத் தம் காசுகளிலே பொறித்ததும் வரலாறு. கடல் கடந்து சென்ற ஒருவர், தம் பிறந்த தீவுக்கு மிக அண்மையிலுள்ள தமிழகத்துக் கரையைத் தேர்ந்துகொண்டார்.

அக்கரையிலே காலம் பல கொடுமைகளை நிகழ்த்திற்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. யாழ்ப்பாணத்தாரைச் சென்னைக்குச் சுமந்து சென்ற பழைய வழி அதோடு அற்றது. இராமேசுவரத்திலிருந்து பின்னர் ஓடிய கப்பலும் 1980களிலே நின்றது. 1983ஆம் ஆண்டுக்குப் பின், இலங்கைத் தமிழர் ஏதிலிகளாகப் படகேறி அக்கரைக்கே வந்திறங்கினர். மண்டபம் முகாம் அவர்களால் நிரம்பிற்று. கலையை நாடி ஒருத்தி விரும்பிக் கடந்த கடலை, உயிரை நாடி ஆயிரக்கணக்கானோர் அஞ்சிக் கடந்தனர். அவை நிகழ்ந்த ஆண்டுகளிலே தவமணிதேவி அவ்வூரிலேயே முதுமையை எய்தினார். 2001ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

நாம் செய்யத்தக்கது

இணுவிலின் புலவர்களையும் வித்துவான்களையும் நாம் எடுத்துச் சொல்லும்போது தவமணிதேவியின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றோம். அத்தயக்கத்தின் காரணம் கலைக்குறைவு அன்று. அவர் பாடியதும் ஆடியதும், தமிழ்த் திரையின் முதற் பத்தாண்டுகளிலே முன்வரிசையில் நின்றதும் யாவரும் அறிந்தவை. ஆண் கலைஞர் வேற்று நாடு சென்று புகழ் பெற்றால் ஊருக்குப் பெருமை. பெண் சென்றால் ஊருக்குக் கூச்சம் என்ற பழைய கணக்கே அங்கே நிற்கின்றது.

உடுவில் பாடசாலையிலே முதன்முதல் எழுத்துக் கற்கப் போன சிறுமியரையும் ஊர் ஒருகாலத்தில் ஏளனமாகப் பார்த்தது. மருத்துவமனையில் பணியாற்றப் புறப்பட்ட பெண்களைப் பற்றியும் பலவாறு பேசிற்று. பின்னர் அவர்களை வணங்கக் கற்றுக்கொண்டது. கலைத்துறைக்குச் சென்ற பெண்ணுக்கு அந்த மதிப்பு வருவதற்கு மட்டும் நெடுங்காலம் பிடித்திருக்கின்றது. இன்று நம் பாடசாலைகளிலே சிறுமியர் சலங்கை கட்டி ஆடுகின்றனர். நாடக மேடையிலே பெண் வேடத்தைப் பெண்களே ஏற்கின்றனர். பெற்றோர் முன்வரிசையிலிருந்து கைதட்டுகின்றனர். அம்மேடைக்கு வழி திறந்தவர் பலருள், 1937ஆம் ஆண்டிலேயே தனியொருத்தியாக நடந்து சென்ற இணுவில் மகளும் ஒருவர். ஊர்க் கலைஞரின் வரலாற்றை எழுதுவோர் அவருக்குரிய பக்கத்தை அவருக்கு அளித்தல் வேண்டும்.